ஆறு மீட்டர்னு ஆப் சொல்லுது

போன் அடிச்சது.

இன்ஸ்பெக்டர் வாய் நிறைய உப்புத்தண்ணி வெச்சு கொப்பளிச்சிட்டு இருந்தாங்க. ரெண்டு நாளா கடவாய்ப்பல் வலி. இன்னைக்கு பத்து மணிக்குத்தான் பல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட்.

துப்பிட்டு எடுத்தாங்க.

"மேடம், ஏட்டு பேசறேன். ஏரியில ஒரு பாடி."

"யாரு?"

"உங்க பத்து மணி அப்பாயின்ட்மென்ட், மேடம்."

ஏரின்னா குட்டி ஏரி இல்ல. அணைத் தண்ணி. இந்தக் கரைல நின்னு பாத்தா அந்தக் கரை பென்சில் கோடு மாதிரி தெரியும். மழை இல்லாம தண்ணி சரசரன்னு இறங்கிட்டு இருந்த நேரம்.

நடுவுல ஆமைப்பாறை. ஏரி நிறைஞ்சிருந்தா ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கீழ சமத்தா படுத்திருக்கும். இப்போ தண்ணிக்கு ஒரு முழம் கீழ. கண்ணுக்குத் தெரியாது. முட்டினா தெரியும்.

அது மேல ஒரு வெள்ளை போட் ஏறி உக்காந்திருந்தது. மூக்கு சப்பை. என்ஜின்ல இருந்து லேசா புகை.

போட்டுக்குள்ள பல் டாக்டர். குப்புற. பின்மண்டைல ரத்தம். கழுத்துல பிளாஸ்டிக் உறை, உறைக்குள்ள அவரு போன்.

ஏட்டு குடையோட நின்னாரு. மேகமே இல்லாத வானம். ஆனா அவரு கையில வளைஞ்ச பிடி வெச்ச அந்தக் கறுப்புக் குடை இல்லாம யாரும் அவரைப் பாத்ததில்ல.

"வேகமா வந்து பாறைல மோதிருக்காரு, மேடம். போட் நின்னுருச்சு. இவரு நிக்கல."

இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்தாங்க.

"ஏட்டய்யா, போட் முன்னாடி போய் மோதினா ஆளு எந்தப் பக்கம் போவான்?"

"முன்னாடி, மேடம்."

"அப்போ எது உடையணும்?"

"மூக்கு. இல்லைன்னா பல்லு."

"வாயைப் பாருங்க."

ஏட்டு பாத்தாரு.

"எல்லாம் வரிசையா இருக்கு, மேடம். விளம்பரத்துல வர்ற மாதிரி."

"பின்மண்டை மட்டும் எப்படிப் போச்சு?"

ஏட்டு குடையைத் தோள் மாத்தினாரு. பதில் தெரியாதப்போ எல்லாம் அவரு அப்படித்தான்.

கரைல படகுத்துறை. ஒரு தகர ஷெட், பத்துப் பன்னெண்டு வாடகை போட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலில டாக்டரோட மச்சினன். வீட்டம்மாவோட கூடப்பொறந்த தம்பி. துறையை நடத்துறவன் அவன்தான்.

கண்ணு சிவந்திருந்தது. கையில ஒரு பேப்பர் ரெடியா இருந்தது.

"ஆப்தான் மேடம் எங்க மாமாவைக் கொன்னுச்சு."

"எந்த ஆப்?"

"கரைசேர்னு ஒரு ஆப். ஏரியில எங்க எவ்வளவு ஆழம்னு காட்டும். எல்லாப் போட்லயும் அதான். இதோ பாருங்க."

போனை நீட்டினான். நீலக் கலர்ல ஏரி, அது மேல வெள்ளை நம்பர்கள். ஆமைப்பாறை இருக்கிற இடத்துல நாலு புள்ளி ரெண்டு மீட்டர்.

"நாலு மீட்டரா?" ஏட்டு எட்டிப் பாத்தாரு. "அங்க என் முழங்கால்கூட நனையாதே."

"அதான் சார். இதை நம்பி மாமா போயிருக்காரு. அந்த ஆப் பண்ண பொண்ணை உள்ள தள்ளணும். கம்ப்ளைன்ட் எழுதிட்டேன்."

இன்ஸ்பெக்டர் படிச்சாங்க.

"'நாங்கள் அனைவரும் இந்த ஆப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்'... நீங்களும் அப்படித்தானா?"

"கண்ணை மூடிட்டு, மேடம். அதுல ஆழம்னு இருந்தா போவேன். இல்லைன்னா போக மாட்டேன். என் கண்ணைவிட அதைத்தான் நம்புவேன்."

"துறை உங்களோடதா?"

"இப்போ என்னோடது. முன்னாடி ஒரு ஓனர் இருந்தாரு. ரெண்டு வருஷம் முன்னாடி அவரு வேனை எடுத்துட்டுப் போனவரு வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டாரு. என்னைப் பாத்துக்கச் சொன்னாரு."

"நல்ல மனுஷன்."

"தங்கமான மனுஷன், மேடம்."

இன்ஸ்பெக்டர் போன் அடிச்சது. மேலதிகாரி.

"டாக்டர் செத்த விஷயம் டிவில ஓடுது. சாயங்காலத்துக்குள்ள அந்த ஆப் பொண்ணு லாக்கப்ல இருக்கணும்."

"சார், பல்லு..."

"உங்க பல்லை அப்புறம் பாத்துக்கோங்க."

கட்.

ஆப் பொண்ணோட ஆபீஸ் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல, ஒரே ரூம். ஒரு மேஜை, ரெண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க ஏரி மேப். பொண்ணுக்கு இருபத்தஞ்சு இருக்கலாம். கதவைத் தட்டறதுக்கு முன்னாடியே திறந்தா. தோள்ல ஒரு பை.

"போலாம், மேடம்."

"எங்க?"

"ஜெயிலுக்கு. நியூஸ் பாத்தேன். துண்டு, பிரஷ், பேஸ்ட் எல்லாம் எடுத்துட்டேன்."

"பையைக் கீழ வை. உக்காரு. பாறை மேல நாலு மீட்டர்னு ஏன் காட்டுது?"

"நாங்க யாரும் போய் அளக்கல, மேடம். ஒவ்வொரு போட் அடியிலயும் ஒரு கருவி இருக்கும். கீழ சத்தம் அனுப்பும், எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு ஆழம் சொல்லும். அந்த நம்பரெல்லாம் தானா எங்களுக்கு வரும். அதை மேப்ல போடுவோம். பாறை மேல கடைசியா போட் போனப்போ ஏரி ஃபுல்லு. அப்போ நாலு புள்ளி ரெண்டு. சரிதான்."

"இப்போ தண்ணி இறங்கிருச்சே. இறங்கினதை யாரு கழிப்பா?"

"அது..." பொண்ணு தரையைப் பாத்தா. "அடுத்த அப்டேட்ல."

ஏட்டு சிரிப்பை முழுங்கினாரு. இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"இன்னொண்ணு சொல்லணும், மேடம். நீங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். டாக்டர் பத்து நாளைக்கு முன்னாடியே அந்தப் பாறையைத் திருத்திட்டாரு."

"திருத்தறதுன்னா?"

"யாரு வேணா ஆழத்தைத் திருத்தலாம். டாக்டருக்கு அதான் பொழுதுபோக்கே. கயித்துல இரும்புக்குண்டு கட்டி, ஏரி பூரா இறக்கி இறக்கி அளப்பாரு. பல்லுல குழி பாத்து பாத்து அலுத்துப்போய் ஏரியில குழி பாக்கக் கிளம்பிட்டாருன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பாறைல அரை மீட்டர்னு போட்டாரு."

"அப்போ மேப்ல ஏன் மாறல?"

"வேற மூணு பேர் அங்க போய் அதே ஆழத்தைப் போட்டு உறுதி பண்ணாத்தான் எல்லாருக்கும் மாறும். முன்னாடி அப்படி இல்ல. ஒருத்தன் மீன் கிடைக்கிற இடத்துல எல்லாம் அரை மீட்டர், அரை மீட்டர்னு போட்டு வெச்சுட்டான். மத்தவங்க யாரும் வரக்கூடாதாம். அதுல இருந்து இந்த ரூல். டாக்டர் போட்டதை ஒருத்தர்கூட உறுதி பண்ணல. நானும் விட்டுட்டேன்." பையை மறுபடி எடுத்து மடில வெச்சுக்கிட்டா. "நான் அதை அன்னைக்கே வெளிய விட்டிருந்தா அவரு உயிரோட இருப்பாரு, மேடம்."

இன்ஸ்பெக்டர் அவளையே பாத்தாங்க.

"உறுதி ஆகாத வரைக்கும் அவரு திருத்தினது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அவரு போன்ல மட்டும் சிவப்புல தெரியும்."

"திரும்பச் சொல்லு."

"அவரு போன்ல மட்டும்..."

பொண்ணு நிறுத்தினா. வாய் திறந்தது திறந்தபடி.

"அவரு போன்ல பாறை இருக்கு, மேடம்."

"ஊருக்கெல்லாம் நாலு மீட்டர். அவருக்கு மட்டும் அரை மீட்டர், அதுவும் சிவப்புல. ஏரியிலயே அந்தப் பாறைல மோத முடியாத ஒரே ஆளு அவருதான்." இன்ஸ்பெக்டர் எழுந்தாங்க. "யாரோ தன் போனைப் பாத்துட்டு, டாக்டர் போன்லயும் இதான் தெரியும்னு நெனச்சுட்டான்."

"அப்போ நான் ஜெயிலுக்குப் போக வேண்டாமா?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. இப்போ என்கூட டாக்டர் வீட்டுக்கு வா. பிரஷ் கையிலயே இருக்கட்டும்."

கீழ கிளினிக், மேல வீடு. டாக்டர் வீட்டம்மா வாசல்ல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. அழுது முடிச்சு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாத முகம்.

இன்ஸ்பெக்டர் கையைக் கன்னத்துல இருந்து எடுக்கவே இல்ல.

"கீழ்க் கடவாயா?"

"ஆமாங்க."

"உங்களுக்குத்தான் பத்து மணி. நேத்தே சொன்னாரு, போலீஸ்காரம்மா வராங்க, வலிக்காம பண்ணணும்னு."



இன்ஸ்பெக்டர் டாக்டரோட போனை எடுத்துக் கொடுத்தாங்க. "இதோட பாஸ்வேர்ட் வேணும்."

"முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டு. பல் டாக்டர் வேற என்ன வெப்பாரு."

திறந்தது. ஆப். ஏரி. வெள்ளை நம்பர்களுக்கு நடுவுல சிவப்பு நம்பர்கள், அம்மை போட்ட மாதிரி. ஆமைப்பாறைல சிவப்புல அரை மீட்டர். பொண்ணு சொன்னது சொன்னபடி.

ஆப் பொண்ணு இன்னொரு இடத்தைத் தொட்டுக் காமிச்சா. "மேடம், இது புதுசு. நேத்து சாயங்காலம் போட்டிருக்காரு. பழைய ரோடு பக்கம்."

அணை கட்டறதுக்கு முன்னாடி அங்க ஒரு ரோடு இருந்தது. இப்பவும் இருக்கு. சரிவா நேரா தண்ணிக்குள்ள போயிரும். ரோடு முடியாது, நமக்குத்தான் முடிஞ்சிரும்.

"ஆப்ல ஆறு மீட்டர். டாக்டர் அரை மீட்டர்னு போட்டிருக்காரு."

"தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு?"

"நாலு மீட்டர்கூட இல்ல. எப்படிப் பாத்தாலும் அங்க ரெண்டு மீட்டராவது இருக்கணும்."

"ஓ, அதுவா?" வீட்டம்மா நிமிர்ந்தாங்க. "நேத்து சாப்பிடும்போது அதைத்தான் சொல்லிட்டு இருந்தாரு. குண்டை இறக்கினா டங்னு சத்தம் வருதாம். பாறைன்னா அப்படி வராதாம். கேப் போட்ட பல்லைத் தட்டின மாதிரி இருக்குன்னாரு. காலைல போய் என்னன்னு பாத்துடறேன்னாரு."

"கூட யாரு இருந்தா?"

"நானும் தம்பியும்தான். அவன் பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டான். வயிறு சரியில்லைன்னு..."



வீட்டம்மா இன்ஸ்பெக்டரைப் பாத்தாங்க. போனைப் பாத்தாங்க. அப்புறம் தரையை.

"அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன்," அப்படின்னாங்க. ரொம்ப மெதுவா.

படகுத்துறை. வெயில் நல்லா ஏறியிருந்தது.

"ஸ்பாட்டை ஒரு தடவை பாக்கணும்," இன்ஸ்பெக்டர் மச்சினன்கிட்ட சொன்னாங்க. "உங்க பெரிய போட்ல கூட்டிட்டுப் போங்க. இந்தப் பொண்ணும் வரட்டும். தப்பு எங்கன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் அரெஸ்ட்."

மச்சினனுக்கு முகம் தெளிஞ்சது. "ஏறுங்க, மேடம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கோங்க. சேஃப்டி முக்கியம்."

நாலு பேர். மச்சினன் ஸ்டியரிங்ல. ஆப் பொண்ணு பக்கத்துல, போனோட. ஏட்டு பின்னாடி, குடையோட. அவரு காலடில ஒரு சாக்குப்பை. பைக்குள்ள டாக்டரோட இரும்புக்குண்டும் கயிறும்.

"கரையோரமாவே போங்க," இன்ஸ்பெக்டர் சொன்னாங்க. "பழைய ரோடு வழியா."

"அது சுத்து, மேடம்."

"சுத்தினா காத்து வரும். பல்லுக்கு நல்லது."

போட் கரையோரமா போச்சு. ஆப் பொண்ணு நம்பரைப் படிச்சிட்டே வந்தா.

"ஏழு மீட்டர்... ஆறரை..."

பழைய ரோடு தெரிஞ்சது. தார் வெடிச்சு, சரிவா இறங்கித் தண்ணிக்குள்ள காணாமப் போன ரோடு.

"ஆறு மீட்டர்... ஆறு..."

மச்சினன் ஸ்டியரிங்கை ஒடிச்சான். போட் வளைஞ்சு, ஒரு பெரிய வட்டம் போட்டு, மறுபடி நேர் ஆச்சு.

"நிறுத்துங்க," இன்ஸ்பெக்டர்.

நின்னது.

"ஏன் வளைச்சீங்க?"

"சும்மா, மேடம். கை அப்படியே..."

"ஆறு மீட்டர்னு ஆப் சொல்லுது."

"சில இடத்துல தப்பாக் காட்டும்ல, மேடம்."

"காலைல என்ன எழுதிக் கொடுத்தீங்க? கண்ணை மூடிட்டு நம்புவேன்னு. ஏரி பூரா நம்புவீங்க. இங்க மட்டும் நம்ப மாட்டீங்க. அப்படி என்ன ஆப்போட சண்டை?"

"பாறை இருக்கு, மேடம்."

"ஏட்டய்யா."

ஏட்டு கயித்தைப் பிடிச்சுக் குண்டைத் தூக்கிப் போட்டாரு. அவன் சுத்திப் போன இடத்துல, கரெக்டா நடுவுல.

டங்.

கேப் போட்ட பல்லைத் தட்டின மாதிரியே.

"பாறை," மச்சினன் சொன்னான்.

"பாறை டொக்குன்னுதான் சொல்லும். இது டங்குது." ஏட்டு கையால தண்ணியைத் தள்ளிப் போட்டைக் கிட்ட கொண்டு போனாரு. குடையைத் திருப்பிப் பிடிச்சாரு. வளைஞ்ச பிடியைத் தண்ணிக்குள்ள விட்டுத் துழாவினாரு. எதுலயோ மாட்டுச்சு. இழுத்தாரு. இன்னும் கொஞ்சம் இழுத்தாரு.

பட்.

பாசி பிடிச்ச ஒரு கறுப்புக் குச்சி மேல வந்தது.

ஏட்டு அதைத் தட்டித் தண்ணியை உதறினாரு.

"மேடம், பாறைக்கு வைப்பர் இருக்குமா?"

அவ்வளவுதான். மச்சினன் குதிச்சுட்டான்.

போட்டோட ஓரத்துல ஒரு கால் வெச்சு, கரையைக் குறி வெச்சு, கையை நீட்டி, நீச்சல்காரன் மாதிரி அழகாத்தான் பாஞ்சான். ஆனா பாஞ்சது வைப்பர் வந்த பக்கம். அவசரத்துல மறந்துட்டான்.

டங்.

ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. இவன் தெரிஞ்சே விட்டான்.

ஏரிக்குள்ள முழங்கால் தண்ணில நின்னான். ஒரு கால்ல. இன்னொரு கால் சுளுக்கிருச்சு. அவனைச் சுத்தி நாலா பக்கமும் தண்ணி, போட்ல ஆப் பொண்ணு கையில போன், போன்ல ஆறு மீட்டர்.

"அங்கயே நில்லுங்க," இன்ஸ்பெக்டர் சொன்னாங்க. "வழுக்கும். வண்டி யாரோடது?"



"ஓனரோடது."

"ஓனர்?"

"உள்ள."

"வெளிநாடுன்னீங்க."

"துறையை ஒரு ஹோட்டல்காரனுக்கு விக்கப் போறேன்னாரு, மேடம். பத்து வருஷமா நான் பாத்த துறை. ஒரு வார்த்தை கேக்கல. அடிச்சேன். வேன்ல உக்கார வெச்சு ரோட்டுல தள்ளிவிட்டேன். அப்போ தண்ணி தளும்பிட்டு இருந்துச்சு. இவ்வளவு இறங்கும்னு யாரு கண்டா."

"உங்க மாமா?"



"சாயங்காலம் பாத்துக்கலாம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. விடிஞ்சதும் கிளம்பிட்டாரு. நானும் கூட வரேன்னு ஏறினேன். எனக்கு டீ ஊத்திக் கொடுத்துட்டுத் திரும்பினாரு..." கையால மூஞ்சியைத் துடைச்சான். "துடுப்பால ஒண்ணு. அப்புறம் பாறைப் பக்கம் போட்டைத் திருப்பி, வேகத்தைக் கூட்டிவிட்டு நீந்திக் கரையேறிட்டேன். ஆப்ல நாலு மீட்டர்னு போட்டிருந்துச்சு. பழி அதோட போயிரும்னு நெனச்சேன்."

"உங்க போன்ல போட்டிருந்தது. அவரு போன்ல போடல."

அது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அப்படியே வேன் மேல உக்காந்துட்டான். நெஞ்சு வரைக்கும் தண்ணி.

ஏட்டு குடைப்பிடியை அவன் சட்டைக் காலர்ல மாட்டி இழுத்து ஏத்தினாரு. விலங்கு போட்டாரு. சுளுக்கின காலுக்கு லைஃப் ஜாக்கெட்டை மடிச்சு வெச்சாரு.

ஆப் பொண்ணு தன் போனையே பாத்துட்டு இருந்தா.

"மேடம், ஒண்ணு பண்ணலாமா? டாக்டர் போட்ட இந்த அரை மீட்டரை உறுதி பண்ண மூணு பேர் வேணும்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஆப்பை இறக்கினாங்க. ஏட்டும் எடுத்தாரு. கண்ணாடி இல்லாம பட்டன் தெரியல, பொண்ணு விரலைப் பிடிச்சு அமுக்கிவிட்டா.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

சிவப்பு நம்பர் வெள்ளையாச்சு. ஏரியில இருந்த அத்தனை போன்லயும், டாக்டர் சொன்னது முதல் தடவையா தெரிஞ்சது.

பொண்ணு மூக்கை உறிஞ்சினா. இன்ஸ்பெக்டர் வேற பக்கம் பாத்தாங்க.

"என்னை விட்டுருவீங்கதானே, மேடம்?"

"விட்டாச்சு. பையோட வீட்டுக்குப் போ. அந்தப் பிரஷ்ஷால ரெண்டு வேளை தேய். என்னைப் பாத்தாவது கத்துக்கோ."

"போட்டை யாரு ஓட்டறது?" ஏட்டு கேட்டாரு.

எல்லாரும் மச்சினனைப் பாத்தாங்க. அவன் விலங்கைத் தூக்கிக் காமிச்சான்.

கடைசில ஏட்டுதான் ஸ்டியரிங்ல உக்காந்தாரு. குடையை மடில வெச்சுக்கிட்டாரு.

"எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும்."

"கவலைப்படாதீங்க சார், நான் வழி சொல்றேன்," பொண்ணு தெம்பா நிமிர்ந்தா. "நேரா போங்க. எட்டு மீட்டர்... ஏழு... அப்படியே இடது பக்கம். துறைக்குக் குறுக்கு வழி. ஆழம் தாராளமா இருக்கு."

துறை தெரிஞ்சது. தகர ஷெட் தெரிஞ்சது. கரைல நிக்கிற ஜீப், ஜீப்புக்குப் பக்கத்துல மேலதிகாரி, அவரு பக்கத்துல டிவிக்காரங்க, எல்லாம் தெரிஞ்சது.

"நாலு மீட்டர்... நாலு... நா..."

சதக்.

போட் நின்னது. என்ஜின் உறுமிச்சு, சேத்தை வாரி நாலு பேர் மேலயும் சமமா அடிச்சுட்டு அணைஞ்சது.



இன்ஸ்பெக்டர் கன்னத்துல இருந்த சேத்தை வழிச்சாங்க. வலிக்கிற பக்கம். மெதுவாத் திரும்பிப் பொண்ணைப் பாத்தாங்க.

பொண்ணு போனைப் பாத்தா. சேத்தைப் பாத்தா. மறுபடி போனைப் பாத்தா.

"அடுத்த அப்டேட்ல..."

பின்சீட்டுல இருந்து ஒரு தொண்டை செருமல்.

"மேடம்," மச்சினன் விலங்குக் கையால பணிவா ஒரு கும்பிடு போட்டான். "காலைல நான் கொடுத்த கம்ப்ளைன்ட்டை மட்டும் கிழிச்சுப் போட்டுறாதீங்க."